பால்டின்னால் அளந்து, பாலில்லாமல் சமைப்பது

அடுப்படிக் கேள்விகள்

பர்மிய மாதமான வாசோவின் பௌர்ணமி கழிந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்துப் பர்மியர் வீடுகளில் தடிஞ்சுட் விளக்குத் திருநாள் வரை மூன்று மாதம் "தெத்தாலு" பேச்சுத்தான். உயிரைக் கொல்லாத சாப்பாடு என்று பொருள். சிலர் வாரத்தில் ஒரு நாள் இருப்பார்கள், சிலர் மூன்று மாதமும் இருப்பார்கள். அதைப் பார்த்தோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன. கறி மீன் மட்டுமில்லை, பால், தயிர், நெய், முட்டையும் இல்லாமல் வீட்டிலேயே வயிற்றுக்கும் மனசுக்கும் இதமாக என்ன செய்வது?

டப்பாவில் வருகிற இறக்குமதிச் சாமான் எதையும் நான் சொல்லப்போவதில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் கிடைப்பதை வைத்துத்தான் பதில். அளவுக்கு, நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற நோசிபூ. கண்டன்ஸ்டு மில்க் காலியான பிறகு கழுவிக் கவிழ்த்து, எட்டு டின் ஒரு பியீ என்று அரிசி அளப்போமே, அதே டின். பாலே கூடாது என்கிற சமையலைப் பால்டின்னால் அளப்பதைப் பார்த்து என் பேரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

*

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த என் மகன் பாலைத் தொடமாட்டேன் என்கிறான். தயிர், மோர், நெய் எதுவும் வேண்டாமாம். கறி மீனை விட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கோயில் விரதத்துக்குக்கூடப் பால் உண்டே! மோர் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது? அவனுக்கு என்னதான் போடுவது?
– ஒரு தாய், தாமுவே, யாங்கோன்

தங்கச்சி, நேற்று உங்கள் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல். இதில் பால் எங்கே இருக்கிறது? ரசம் தாளித்த ஒரு கரண்டி நெய்யைக் கடலெண்ணெயாக மாற்றினால் தீர்ந்தது. நம் சாப்பாட்டில் பால் வருவதெல்லாம் நெய், தயிர், பாயசம், டீ என்ற நாலு வாசல் வழியாகத்தான். நெய் வாசலை எண்ணெய் அடைத்துவிடும். பாயசத்துக்குத் தேங்காய்ப் பாலும் தன்யெயும் போதும். தன்யெ என்றால் வேறென்ன, நம் பனங்கருப்பட்டிதான், பகான் பக்கத்துப் பனைமரத்திலிருந்து வருவது. அது போட்ட பாயசத்துக்குப் பசும்பால் தேவைப்பட்டதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டீயைப் பற்றி வேறொருவர் கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்.

காலைப் பலகாரத்துக்கு நீங்கள் அடுப்பே மூட்ட வேண்டாம். விடிந்ததும் தலையில் தட்டோடு "பே பியோ...வ்" என்று இழுத்துக் கூவிக்கொண்டு போகிறாரே ஓர் அம்மா, அவரை நிறுத்துங்கள். முளைகட்டி அவித்த பட்டாணி. வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து, அந்த எண்ணெயோடு பட்டாணியில் கொட்டி, உப்புப் போட்டுப் புரட்டிச் சுடுசோற்றிலோ ஒட்டரிசிச் சோற்றிலோ போட்டு, மேலே வறுத்த எள்ளும் உப்பும் பொடித்துத் தூவினால், உங்கள் மகன் சிங்கப்பூரை மறந்துவிடுவான். மழையில் அந்த அம்மா வராத நாளுக்கு, பட்டாணியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் ஒரு பகலும் இரவும் கட்டிவைத்து, மூக்கு எட்டிப்பார்த்ததும் சிட்டிகை சோடா உப்போடு அவித்துக்கொள்ளலாம்.

இனி மோர். இதுதான் உங்கள் உண்மையான கவலை என்று தெரியும். எனக்கும் அதுதான் இருந்தது.

நிலக்கடலையில் தயிர் உறையும். நான் முதன்முதலில் செய்தபோது அவசரத்துக்கு வறுத்த கடலையை வாங்கி அரைத்துவிட்டேன். மறுநாள் காலை கிண்ணத்தைத் திறந்தால் நல்ல கடலைச் சட்னி இருந்தது. இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம். இரண்டாம் முறை பச்சைக் கடலைதான், ஆனால் பால் கொதிக்கக் கொதிக்க உறை போட்டேன். அது உறையவே இல்லை. மூன்றாவது முறை நின்றது. அதைச் சொல்கிறேன்.

பச்சை நிலக்கடலை ஒரு டின். இரவு ஊறவைத்து, காலையில் உள்ளங்கையில் தேய்த்துத் தோலை முழுக்க எடுத்துவிடுங்கள். தோல் இருந்தால் தயிர் பழுப்படிக்கும், ஒரு துவர்ப்பும் நிற்கும். மூன்று டின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நைசாக அரைத்து, வெள்ளைத் துணியில் பிழியுங்கள். சக்கையை எறியாதீர்கள், அடை மாவில் கலக்கலாம். பாலைச் சிறு தீயில் வைத்து, அடிபிடிக்காமல் துழாவிக்கொண்டே இருந்தால் பச்சை வாசனை போய், கூழுக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு பதம் வரும். இறக்கி ஆறவிடுங்கள். சுண்டுவிரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக் கூடாது. அப்போது ஏழெட்டுப் பச்சைமிளகாயின் காம்பைத் தொப்பியோடு கிள்ளி, கழுவித் துடைத்து உள்ளே போடுங்கள். ஆமாம், மிளகாய்க் காம்புதான். உறைய வைக்கிற நுண்ணுயிர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடி, அடுப்புக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். மழைநாளில் இன்னும் கூடும்.

முதல் தயிர் கொஞ்சம் தளர்வாக இருக்கும், கடலை மணமும் அடிக்கும். அதில் இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை குத்துங்கள். இரண்டாவது தயிர்தான் தயிர். தண்ணீர் விட்டுக் கடைந்து, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு, கடுகு பெருங்காயம் தாளித்து ஊற்றினால் மோர். பசுமோர் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள், அது வேறு, இது வேறு. ஆனால் எலுமிச்சை ஊறுகாயோடு சோற்றை முடித்துவைக்கும். மேலே சிவப்போ கறுப்போ பூத்திருந்தால், நாற்றம் மாறியிருந்தால், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

*

போன மாதம் தோஹூ செய்யச் சொல்லியிருந்தீர்கள். ஒரு டின் கடலைமாவுக்கு ஐந்து டின் தண்ணீர் என்று போட்டிருந்தது. இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் கஞ்சி. வெட்டலாம் என்று கத்தியை வைத்தால் கத்தி முழுகுகிறது. என் மாமியார், "சினிமாப் போஸ்டர் ஒட்ட நன்றாயிருக்கும்" என்கிறார். நான் எங்கே தப்புச் செய்தேன்?
– வாசகி, மோல்மீன்

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது. ஐந்து டின் என்பது தோஹூ நுவேக்கு உரிய அளவு, அதாவது சூடாக ஊற்றிச் சாப்பிடுகிற களிக்கு. வெட்டுகிற தோஹூவுக்கு மூன்று டின்தான். கடிதம் எழுதும்போது கரண்ட் போய்விட்டது, மெழுகுவர்த்தியில் இரண்டு அளவையும் ஒன்றாக்கிவிட்டேன். அச்சகத்தின் மேல் பழி போட ஆசைதான், ஆனால் என் கையெழுத்துப் பிரதி ஆசிரியரிடம் இருக்கிறது. உங்கள் மாமியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சரி, இந்த முறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவள் என் மருமகள். தவுஞ்சியிலிருந்து வந்த ஷான் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவள் பேச்சும் புரியாது, அவளுக்கு என் சமையலும் புரியாது. ஒருநாள் எனக்குக் காய்ச்சல். அவள் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய், மஞ்சளாக ஏதோ கிண்டிக்கொண்டு வந்து, "அமே, சாப்பிடுங்கள்" என்று நீட்டினாள். ஒரு வாய் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பம்பாய் சட்னி! பூரிக்குக் கடலைமாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு ஊற்றுவோமே, கிட்டத்தட்ட அதேதான். கீழே மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே பூண்டெண்ணெய், பொடித்த கடலை, எள், கொத்துமல்லி, தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை ஊறுகாய். காய்ச்சல் வாய்க்கு அதைவிட இதமானது ஒன்று இன்றுவரை எனக்குக் கிடைத்ததில்லை. கடையில் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் விசாரியுங்கள், நூடுல்ஸின் மேல் கோழிச்சாறு ஊற்றுகிறவர்களும் உண்டு.

இது சோயாபீன் டோஃபு இல்லை. சோயாப் பாலைத் திரிய வைக்க ஏதாவது சேர்க்க வேண்டும். இதில் அந்த வேலையே கிடையாது. கடலைமாவின் மாவுச்சத்து வெந்து உப்பி, ஆறும்போது தானாக இறுகுகிறது. அதனால்தான் தண்ணீர் அளவும் வேக்காடும் அவ்வளவு முக்கியம். இரண்டில் ஒன்று பிசகினாலும் போஸ்டர்தான்.

கடலைமாவு ஒரு டின், தண்ணீர் மூன்று டின், உப்பு ஒரு தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. மாவை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மிச்சத்தை ஊற்றி இரண்டு மணி நேரமாவது வைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் இன்னும் நல்லது. மேலே நுரை கட்டியிருக்கும், கரண்டியால் வழித்து எறியுங்கள். பாத்திரத்தை ஆட்டாமல் மேல்தண்ணீரை அடிகனமான சட்டியில் சாய்த்து ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். அது சூடேறிக் கெட்டிப்படத் தொடங்கும்போது அடியில் தங்கிய மாவைக் கலக்கி, ஊற்றிக்கொண்டே கிண்டுங்கள். எண்ணெய் தடவின மரக்கரண்டி நல்லது.

இப்போதுதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறோம். திடீரென்று ஒரு நிமிஷத்தில் கெட்டியாகிவிடும், ஆயிற்று என்று இறக்கத் தோன்றும். இறக்காதீர்கள். அது வெந்த கெட்டி இல்லை. தொடர்ந்து கிண்டினால் "ப்ளக், ப்ளக்" என்று கொதி வெடித்துக் கையில் தெறிக்கும். அதன் பிறகும் ஐந்து நிமிஷம். மங்கலாக இருந்த களி மினுமினுக்கும், கரண்டியைத் தூக்கினால் பட்டுப்போல மடிந்து விழும், பச்சைக் கடலைமாவு வாசனை போய் அவித்த பருப்பு வாசனை வரும். தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் ஓரம் உரிந்து வந்தால் சரியான பதம். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, தட்டித் தட்டிச் சமமாக்கி, மூடாமல் ஆறவிடுங்கள். மூடினால் வேர்த்து மேலே தண்ணீர் நிற்கும். மூன்று மணி நேரத்தில் கவிழ்க்கலாம்.

ஃப்ரிட்ஜை நம்ப முடியாத இந்தக் காலத்தில், செய்த அன்றே தீர்ப்பது நல்லது. தீராமல் இருக்காது. மெல்லியதாகச் சீவி, நறுக்கிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், பொடித்த கடலை, வறுமிளகாய்த் தூள் போட்டுக் கையால் பிசைந்தால் தோஹூ தோ. முக்கோணமாக வெட்டிப் பொரித்தால் தோஹூ ஜோ. பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். போட்டவுடனே திருப்பினால் பிய்ந்துவிடும், அதுவாக மிதந்து மேலே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். என் பேரனுக்கு இதைச் சாம்பாரில் போட்டுத் தர வேண்டும். அவன் அம்மா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

கடையில் மாவு கேட்கும்போது "கலா பே" மாவுதானா என்று பார்த்து வாங்குங்கள். வேறு பட்டாணி மாவோ சோளமாவோ கலந்திருந்தால் இந்த அளவு ஒத்துவராது. கொண்டைக்கடலைக்குப் பர்மிய மொழியில் கலா பே என்றுதான் பெயர். இந்தியரை இளக்காரமாகக் கூப்பிடுகிற சொல், சின்ன வயதில் தெருவில் என்னைப் பார்த்துச் சொன்ன அதே "கலா"தான். நாற்காலிக்குக்கூட அவர்கள் பாஷையில் கலா தைங். ஆளை வைதாலும் எங்கள் பருப்பைத்தான் தின்றார்கள், எங்கள் பெயர் வைத்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள் என்று என் அப்பா சொல்லிச் சிரிப்பார்.

*

1964-ல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு ரங்கூனில் கப்பல் ஏறியவள் நான். இப்போது பேத்தி வற்புறுத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், முட்டைகூட இல்லை. இங்கே பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோக் கடைக்குப் போனால் வாழைத்தண்டு சூப்பை மட்டும் குடிக்கலாமா என்று நிற்கிறேன். நூடுல்ஸில் ஊற்ற அம்மா வைக்கிற மீன்குழம்பு மோஹிங்காவை மீன் இல்லாமல் வைக்க முடியுமா? மணமாவது வருமா?
– வாசகி, வியாசர்பாடி, சென்னை

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் கப்பல் ஏறிய வருஷம் எங்கள் தெருவிலும் பாதி வீடு காலியானது. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம். எங்கள் வீட்டில் பெட்டியைக் கட்டிவைத்து, பிறகு அவிழ்த்தார்கள். சரி, மோஹிங்காவுக்கு வருவோம்.

அந்த மணத்தில் மீனுக்குப் பங்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். முதலில் மூக்குக்கு வருவது எலுமிச்சைப்புல், அடுத்து வறுத்த அரிசிமாவு, பிறகு மஞ்சளும் பூண்டும் எண்ணெயில் வதங்கின வாசனை. நாக்குக்கு வருவது வாழைத்தண்டு. இந்த நாலும் உங்கள் கையில் இருக்கிறது.

வாழைத்தண்டு நறுக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்கும் இழுபடுகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்து, மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போட்டுவையுங்கள். அங்கே மோரில் போடுவீர்கள், இனி மோர்தான் கிடையாதே.

பச்சரிசி ஒரு கைப்பிடியை வெறும் சட்டியில் பொன்னிறம் தாண்டி இளம்பழுப்பாக வறுத்துப் பொடிக்க வேண்டும். பாதி வறுவலில் நிறுத்தினால் மோஹிங்கா இல்லை, கூழ்தான். கடலைமாவு இரண்டு கரண்டியைத் தனியாக வாசனை வர வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெங்காயம், ஒரு பூண்டு, விரல் நீள இஞ்சி, இரண்டு தண்டு எலுமிச்சைப்புல்லின் அடிப்பகுதி, நாலு வறுமிளகாய் எல்லாவற்றையும் இடித்து, கடலெண்ணெய் தாராளமாக ஊற்றி மஞ்சளோடு வதக்குங்கள். தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிந்து மேலே வரணும். பர்மாச் சமையலுக்கு அதுதான் அடையாளம், அங்கே குறுக்குவழி கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீர், வாழைத்தண்டு, உரித்த சின்ன வெங்காயம் முழுசாகப் பதினைந்து, மிச்ச எலுமிச்சைப்புல்லை முடிச்சுப் போட்டு உள்ளே. கொதித்ததும் இரண்டு மாவையும் கரைத்து ஊற்றி, சிறு தீயில் ஒரு மணி நேரம்.

மீனின் சதை இருந்த இடத்துக்கு அவித்த கொண்டைக்கடலையில் ஒரு பிடியைக் கரகரப்பாக மசித்துப் போடுவேன். மீனின் ஆழம் இருந்த இடத்துக்கு இங்கே "பே போ" என்று ஒன்று இருக்கிறது. ஷான் நாட்டில் சோயாபீனைப் புளிக்கவைத்துத் தட்டி, அப்பளம்போல வட்டமாகக் காயவைத்தது. தணலில் வாட்டிப் பொடித்துப் போட்டால் கருவாட்டுக்குப் பக்கத்து வீட்டு வாசனை வரும். உங்களுக்கு அது கிடைக்காது. காய்ந்த காளானை ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு அரைத்து ஊற்றி, கடைசியில் ஒரு கரண்டி சோயா சாஸும் மிளகுத்தூளும் சேருங்கள்.

நூடுல்ஸுக்குப் பதில் இடியாப்பம் போதும். மேலே கொத்துமல்லி, எலுமிச்சை, வறுமிளகாய்த் தூள். முட்டைக்குப் பதில் சுரைக்காய் பஜ்ஜியைக் கத்தரித்துப் போடுங்கள், இங்கே கடைகளிலும் போடுவதுதான். நீங்கள் பேஜோ என்று அங்கே விற்கிறீர்களே, அந்தப் பருப்பு அப்பளத்தையும் நொறுக்கிப் போடுங்கள். அத்தோவில் இருக்கிற "தோ"வும் என் மருமகளின் தோஹூ தோவில் இருக்கிற "தோ"வும் ஒன்றுதான், கலந்து பிசைந்தது. கப்பலில் அந்தச் சொல்லையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டீர்கள்.

உங்கள் அம்மா வைத்ததுபோல வருமா என்று கேட்டால், வராது. மீன் போட்டு நான் வைத்தாலும் வராது.

*

என் வீட்டுக்காரர் தெத்தாலு இருக்கிறேன் என்று சபதம் போட்டார். மூன்றாம் நாள் "நாப்பி இல்லாமல் சோறு இறங்கவில்லை" என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பெகு

நாப்பி என்கிற அந்த மீன் விழுதுக்குப் பதில் போன்யேஜீ கொடுங்கள். பகான் பக்கத்திலிருந்து வருகிற கறுப்பு விழுது. எதில் செய்கிறார்கள் தெரியுமா? கொள்ளில்! கொள்ளை வேகவைத்த சாற்றைப் புளிக்கவைத்து, சுண்டக் காய்ச்சி எடுப்பது. நம் ஆட்கள் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்து நிறுத்திக்கொண்டார்கள், இவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள். புளிப்பும் உப்பும் ஒரு கனமும் இருக்கும். ஒரு கரண்டி விழுதில் நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், இடித்த கடலை, பச்சைக் கடலெண்ணெய் விட்டுப் பிசைந்து சோற்றுக்குப் பக்கத்தில் வையுங்கள். புளிச்சகீரையை மூங்கில் குருத்தோடு வதக்கும்போது, இறால் போடுகிற இடத்தில் இதை அரைக் கரண்டி போடலாம். சமைத்ததை வாங்க வேண்டாம், பன்றிக்கறியோடு சமைப்பார்கள். வெறும் விழுதாக வாங்குங்கள். இன்னொன்று: சோயா சாஸ் போத்தலில் "பே ஙான்பியாயே" என்று இருக்கும். ஙான்பியாயே என்றால் மீன்சாறு என்பதால் பயந்து வைத்துவிடாதீர்கள், முன்னால் "பே" இருந்தால் அது பருப்பில் செய்தது.

மூன்று நாள் தாங்கினாரே, அதுவே பெரிசு.

*

டீயைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. கண்டன்ஸ்டு மில்க் இல்லாத டீ டீயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தட்டோன்

இல்லை ஐயா. தேங்காய்ப் பால் ஊற்றிப் பார்த்தேன், எண்ணெய் மிதந்தது. கடலைப் பால் ஊற்றிப் பார்த்தேன், டீ குடித்த மாதிரியும் இல்லை, கடலை தின்ற மாதிரியும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். டீக்கடை மேசையில் காசில்லாமல் வைக்கிற யேனுவேஜான் வெறுந்தேநீர் இருக்கிறதே, அதைச் சுடச்சுட ஊற்றிக்கொண்டு, ஒரு துண்டு தன்யெயைக் கடைவாயில் அடக்கிக் குடிக்கிறேன். நாலு மாதத்தில் பழகிவிட்டது. பால் டீ விற்கிற லபேயே கடையின் பக்கம் போகும்போது மட்டும் மூச்சை இழுத்துக்கொள்வேன்.

*

ஹாஸ்டல் அறையில் ஒரே ஒரு ரைஸ் குக்கர். அதுவும் கரண்ட் இருக்கும் நேரத்தில்தான். ஒரு சாப்பாடு சொல்லுங்கள் அம்மா.
– மாணவன், மாந்தளை

தம்பி, ஒன் தமின், அதாவது தேங்காய்ச் சோறு. அரிசி ஒரு டின், வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதிக்குத் தேங்காய்ப் பால், நாலைந்து சின்ன வெங்காயம், உப்பு, அரைச் சிட்டிகை சர்க்கரை. ஒரே முறை கிளறிவிட்டு மூடு. தெருவில் வாங்கின பே பியோவை, குக்கர் அணைந்ததும் மேலே பரப்பி மறுபடி மூடினால் அந்தச் சூட்டிலேயே சூடாகிவிடும். எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. தேங்காய்ச் சோறு ராத்திரிவரை தாங்காது, மிச்சம் வைக்காதே.

*

என் மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். பால், முட்டை எதுவும் தொடுவதில்லை. கேழ்வரகு, கீரை எல்லாம் கொடுக்கிறேன். போதுமா?
– வாசகி, இன்செயின், யாங்கோன்

போதாது. கீரை, பருப்பு, எள், முருங்கைக்கீரை எல்லாம் நல்லது, நிறையக் கொடுங்கள். ஆனால் வைட்டமின் பி12 என்று ஒன்று உண்டு. செடிகொடியிலிருந்து வருகிற சாப்பாட்டில் அது நம்புகிற அளவுக்குக் கிடையாது. இட்லி மாவு புளிக்கிறது, பே போ புளிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது குறைந்தால் இரத்தசோகை வரும், நரம்பைப் பாதிக்கும், பிள்ளைக்கும் கேடு. இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப்போய், இவள் பால் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை என்று வாய்விட்டுச் சொல்லி, பி12 மாத்திரையும் மற்றதும் எழுதி வாங்குங்கள். பால் விட்ட மற்றவர்களுக்கும் இது பொருந்தும், தாமுவே தங்கச்சியின் மகனுக்கும் சேர்த்துத்தான். நானும் போடுகிறேன். சாப்பிட்டவுடன் டீ கொடுக்க வேண்டாம், கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாது. கீரையில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள்.

*

தோஹூ மிஞ்சிவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, சந்தை அருகே, தவுஞ்சி

தவுஞ்சியிலிருந்து என்னிடம் தோஹூ கேள்வியா! என் மருமகளிடம் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சொன்ன பதிலையே எழுதுகிறேன். கத்தியில் எண்ணெய் தடவிக் காகிதம்போல மெல்லியதாகச் சீவி, மூங்கில் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஒடிக்கிற பதம் வரும்வரை வெயிலில் காயவைத்து, டின்னில் அடைத்துக்கொள்ள வேண்டும். தோஹூ ஜாவ். வேண்டும்போது காய்ந்த எண்ணெயில் போட்டால் நம் வற்றல்போலப் பொரியும். ரசஞ்சோற்றுக்கு அப்பளத்தைவிட நன்றாயிருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் இந்த மழையில் வேண்டாம். போன வாசோவில் ஒரு மணி நேரம் வெயில் அடித்ததை நம்பி மொட்டைமாடியில் பரப்பினேன். பாதி பூசணம் பிடித்தது, மீதி காக்கைக்குப் போனது. தடிஞ்சுட் விளக்கு ஏற்றி முடியட்டும், வெயில் வரும். அப்போது பரப்புங்கள், பக்கத்தில் குச்சியோடு ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள்.